வெள்ளக்கடை டிவியில் ஐந்து அங்குலம் குறைவு

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்பதெல்லாம் வாரியத்தோடு பழகியவர்களுக்குப் புதிதல்ல. வெள்ளக்கடை மாலை மன்றத்தின் கூரை ஒழுகுகிறது என்று இன்பமேரி மூன்று வருடம் மனு எழுதினாள். மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். மனு என்னவாயிற்று என்று கேட்டு எழுதினாள். அதற்கும் ஒரு எண் கொடுத்தார்கள். நாலாவது வருடம் டிசம்பரில், எதிரே வருகிற ஆள் தெரியாத பனியில், ஹாரன் அடித்துக்கொண்டே வாரியத்தின் வண்டி வந்து நின்றது. தகரமோ ஓடோ வந்துவிட்டது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். இறங்கியது ஒரு டிவி. நாற்பத்து மூன்று அங்குலம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வாரியம் என்றால் மலைத் தொழிலாளர் முன்னேற்ற ஊக்க வாரியம். யாரை எதற்கு ஊக்குகிறது என்று கேட்கக் கூடாது. அதன் கீழ் மலைக்கு மலை அறுபத்து நான்கு மாலை மன்றங்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து, அம்மா வரும்வரை இருக்கலாம். இன்பமேரி ஒன்பது வருடமாக வெள்ளக்கடை மன்றத்தின் பொறுப்பாளர்; அடைப்புக்குறிக்குள் ‘தற்காலிகம்’. மன்றத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் தாய்மார் பழத்தை எடை போட்டுவிட்டு வருவதற்கு ஆறரை ஆகிவிடும். அதுவரை பிள்ளைகளுக்கு அந்த ஒழுகுகிற ஒற்றை அறைதான்.

மன்றம் வருவதற்கு முந்தின வருடம், எஸ்டேட்டில் பழம் பறிக்கிற கலாவின் மூத்த பெண் காப்பிக்கொட்டை ஊறப்போடுகிற தொட்டியில் விழுந்துவிட்டாள். அம்மா எடை போடும் இடத்தில் வரிசையில் நின்றிருந்தாள். தொட்டியில் செருப்பு மிதப்பதை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் தற்செயலாகப் பார்த்தார், பிள்ளை பிழைத்தது. முதுகில் தட்டித் தட்டித் தண்ணீரை வெளியே எடுத்தது இன்பமேரி. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. பிள்ளைகள் வருகிற நேரத்தில் மன்றம் பூட்டிக் கிடந்தால் என்று நினைத்தாலே அந்தத் தொட்டிதான் அவள் கண்ணில் வரும்.

டிவியோடு நாலு பக்கச் சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டு முறை படித்தாள், மூன்றாம் முறை விரலை வைத்துப் படித்தாள். அதற்கென அங்கீகரிக்கப்பட்டதும், சரியாகப் பொருந்துவதும், பூட்டத்தக்கதுமான காப்பு அலமாரியில் வைக்கப்பட்டாலன்றித் தொலைக்காட்சி இயக்கப்படலாகாது என்றது முதல் பக்கம். மார்ச் 31-க்குள் தொலைக்காட்சி இயக்கப்படாத மன்றங்கள் பயனற்றவை எனக் கருதி மூடப்படும் என்றது இரண்டாம் பக்கம். அலமாரியைப் பொறுப்பாளர் தாமாக வாங்கலாகாது, தேர்வுக் குழுதான் தேர்ந்தெடுக்கும் என்றது மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் கையெழுத்துகள் மட்டும்.

ஆக, அலமாரி இல்லாமல் டிவி ஓடக் கூடாது, டிவி ஓடாவிட்டால் மன்றம் கிடையாது, அலமாரியோ அவள் கையில் இல்லை. டிவி இல்லாதபோது ஒன்பது வருடம் நடந்த மன்றம், டிவி வந்ததால் மூடுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. முன்னேற்றம் என்றால் இதுதான் போலிருக்கிறது.

ஒண்டிக்கடை என்கிற ஊரில் பிளைவுட் வேலை செய்கிற மாதப்பனைக் கூட்டிவந்தாள். மாதப்பன் வண்டியை நிறுத்தி, டேப்பை எடுத்து, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

“அகலம் முப்பத்தெட்டுங்க அம்மிணி. உசரம் இருவத்திரெண்டு. கனம் மூணு. ரெண்டு நாள் வேல. கதவு போட்டு, பூட்டு வெச்சு, செவுத்துலயே மாட்டிரலாம்.”

“நாம பண்ணக்கூடாதுங்களாம். குழு வந்து தேர்ந்தெடுக்கோணுமாம்.”

“டிவி வெக்கறதுக்கு ஒரு டப்பா. அதுக்குக் குழுவா? பொண்ணா பாக்கறாங்க?” என்று சிரித்துவிட்டு மாதப்பன் வண்டியைக் கிளப்பினான்.

அளவைப் படிவத்தில் எழுதி மூன்று நகல் அனுப்ப வேண்டும். படிவம் அந்தக் காலத்துப் படக்குழாய் டிவிக்கு அச்சடித்தது. நீளம், உயரம், முதுகின் ஆழம் என்று மூன்று கட்டம் இருந்தது. நீளம் முப்பத்தெட்டு, உயரம் இருபத்திரண்டு, முதுகு மூன்று என்று நிரப்பி, இன்பமேரி தன் கையால் கொண்டுபோய் ஏற்காட்டு வட்டார அலுவலகத்தில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வரும்போது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. பாவம், அவளுக்குத் தெரியாது.

ஜனவரியில் பதில் வந்தது. அலமாரி வரவில்லை, குறிப்பாணை வந்தது. ‘வாரியத்தால் வழங்கப்பட்டது 43 அங்குலத் தொலைக்காட்சி. தாங்கள் காட்டும் இருப்பு 38 அங்குலம். குறைவு 5 அங்குலம். மேற்படி ஐந்து அங்குலம் எங்கே என்பதற்கு ஏழு நாட்களுக்குள் நேரில் விளக்கமளிக்கவும்.’

இன்பமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்புறம், என்னத்தைத் தேடுகிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்து எழுந்துகொண்டாள்.

வட்டாரப் பொருள் காப்பு அலுவலர் பாலகுமார் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடமே. லஞ்சம் வாங்க மாட்டார், அதட்ட மாட்டார், எதிரே இருப்பவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. விதிப்புத்தகத்தைத் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

“உக்காருங்கம்மா. அந்த அஞ்சு அங்குலம் எங்கீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். அட்டையப் பிரிச்சப்பவே அவ்வளவுதானுங்க இருந்துச்சு.”

“அட்டைல நாப்பத்து மூணுன்னு போட்டிருக்குதா, இல்லீங்களா?”

“போட்டிருக்குதுங்க.”

“அப்பக் கம்பெனிக்காரன் சொல்றது பொய், பில்லுல இருக்கறது பொய், வாங்கிக் கையெழுத்துப் போட்ட நானும் பொய். நீங்க மட்டும் நெசம். அப்படித்தானுங்களே?”

பக்கத்து நாற்காலியில் இளநிலைப் பொறியாளர் தீபிகா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால்தான் வாயைத் திறந்தாள்.

“சார், டிவி அளவு அகலம் இல்லைங்க சார். திரைய ஒரு மூலைல இருந்து எதிர்மூலைக்குக் குறுக்கால அளந்து சொல்றதுங்க. அப்படி அளந்தா நாப்பத்து மூணு வரும்.”

பாலகுமார் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்.

“குறுக்கால அளக்கறது யாவாரிங்க வேலைங்க மேடம். அரசாங்கம் எதையும் நேராத்தான் அளக்கும். என்னோட இருவத்தாறு வருச சர்வீஸ்ல ஒண்ணையாவது குறுக்கால அளந்திருப்பனா? இந்த மேஜை நாலடி. மூலைக்கு மூலை புடிச்சா நாலே முக்கால் வரும். அப்ப அந்த முக்கால் அடிய நான் எங்கிருந்து கொண்டாந்தேன்? நாளைக்கு ஆடிட்டுல கேட்டா நீங்க வந்து சொல்லுவீங்களா?”

தீபிகா சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் பேசியதை யாரும் கேட்டதில்லை.

“அப்புறம் முதுகு மூணு அங்குலம்னு எழுதியிருக்கீங்க. டிவின்னா ஒண்ணரை அடி முதுகாவது இருக்கோணும். அத நான் இப்பக் கேக்கல. மொதல்ல நீளத்துக்கு வழி சொல்லுங்க.”

“எங்கூட்ல ஒருத்தரும் எஸ்டேட்ல இருந்து ஒரு காப்பிக்கொட்ட எடுத்ததில்லீங்க சார்,” என்றாள் இன்பமேரி. “எங்கப்பன் நாப்பது வருசம் ஸ்டோர் சாவி வெச்சிருந்தாரு. எங்க மேல ஒரு சொல்லு வந்ததில்லீங்க.”

“நல்ல குடும்பம்னுதான் நானும் சந்தோசமா விசாரிக்கறேன்,” என்றார் பாலகுமார்.

வெளியே வந்ததும் கிளார்க் கோகுல் பின்னாலேயே ஓடிவந்தான். அந்த அலுவலகத்தில் நடப்பதெல்லாம் புரிந்த ஒரே ஆள் அவன்தான், புரிந்ததை வெளியே காட்டிக்கொள்ளாததால் எட்டு வருடமாக வேலையில் இருக்கிறான்.

“அக்கா, உசரத்தப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராதீங்க. அது இருவத்திரெண்டுதான, நாப்பத்து மூணுக்கு இருவத்தொண்ணு கொறையும். அவரு இன்னும் கவனிக்கல.”

ஏழைப்பட்டவள், பாவம் என்று பாலகுமார் அவளுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்காட்டுக் குளிரில் டிவி சுருங்கியிருக்கலாம் அல்லவா? ஒருநாள் காலை அவரோடு மூன்று பேர் கொண்ட குழு ஜீப்பில் வந்தது. சேலத்தில் முத்திரை வைத்த இரும்பு டேப். முதலில் டேப்பை அளந்தார்கள். பிறகு டிவியை அளந்தார்கள். ஒருவர் அளந்து சொல்ல, ஒருவர் திருப்பிச் சொல்ல, ஒருவர் எழுத, முப்பத்தெட்டு என்று ஒன்பது முறை முடிவானது. பிள்ளைகள் வாசலில் நின்று முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

“இங்க வெச்சு அளந்தா எப்படிங்க? குளிர்லதான இருக்குது,” என்றார் பாலகுமார்.

டிவியைக் கம்பளியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைமை அலுவலக மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் வைத்தார்கள். காவலுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு குடை. நாலாம் நாள் அளந்துவிட்டு, டிவியை மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது: ‘சேலம் வெயிலிலும் விரியவில்லை. எனவே குளிரில் சுருங்கியதன்று. எனவே எடுக்கப்பட்டுள்ளது.’

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி போனது.

“நீங்க டிவிய அறுத்து ஓரத்த வித்துட்டீங்கன்னு பேசிக்கறாங்க மேரிக்கா,” என்றாள் கலா. இரண்டாவது பெண்ணைக் கூட்டிப்போக வந்திருந்தாள், தோளில் பழச் சாக்கின் ஈரம். “நான் சண்ட போட்டுட்டுத்தான் வாரேன். அறுத்தா டிவி ஓடுமா, அந்த அறிவு வேண்டாமுங்களா?”

“ஓடுதா இல்லியான்னுதான் இன்னும் யாருமே பாக்கலியே கலா.”

“நாளைக்கு மன்றத்த மூடிருவாங்களாக்கா? என்ற பொண்ண நான் எங்க கொண்டுபோயி உடுவேன்?”

இன்பமேரி பிள்ளையின் பையை எடுத்துக் கலாவின் கையில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நான்கு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. ராத்திரிகளில் படுக்கை கொள்ளவில்லை. பகலில், பிள்ளைகள் வருமுன், கதவைச் சாத்திவிட்டு ஒரு பிள்ளையின் ஸ்கேலை எடுத்து டிவியை அளந்து பார்ப்பாள். ஒரு நாளாவது கூடுதலாகக் காட்டிவிடாதா என்று ஆசை.

இதற்கு நடுவே பிப்ரவரியில் அலமாரித் தேர்வும் நடந்தது. வட்டார அலுவலகத்தில் மூன்று மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு போட்டது முதலில் கழிந்தது. உள்ளே டிவி இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்று குறை சொன்னார்கள். மரத்தில் செய்தது அடுத்து கழிந்தது. மழைக்கு உப்பிப் போனால் அங்குலம் கூடிவிடும், அதற்கு யார் கணக்குச் சொல்வது? மிஞ்சியது இரும்பு அலமாரி. கதவு இடப்பக்கம் திறக்க வேண்டுமா, வலப்பக்கமா என்று மத்தியானச் சாப்பாடு வரை பேசி, இரண்டு பக்கமும் திறக்காமல் மேலே தூக்குவது என்று தீர்மானித்தார்கள். உள்ளளவு நாற்பத்து மூன்று அங்குல நீளம், முதுகுக்காக இரண்டடி ஆழம், பூட்டு நாலு.

“சார், டிவி முப்பத்தெட்டுத்தானுங்களே, லொடலொடன்னு ஆடுமுங்களே,” என்று இன்பமேரி வாசலில் நின்றபடி கேட்டாள்.

“பில்லுக்குத்தாங்க அலமாரி. டிவிக்கு இல்ல,” என்றார் பாலகுமார். “டிவி இன்னைக்கு முப்பத்தெட்டா இருக்கும், நாளைக்கு நாப்பத்து மூணாக் கெடைக்கும். பில்லு மாறுமுங்களா?”

மார்ச் பதினெட்டாம் தேதி அலமாரி வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். கதவு வழியே நுழையாது என்று தெரிந்து, நிலையைப் பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். நிலையைத் திரும்ப வைப்பது அவர்கள் வேலையில் வராதாம். பிள்ளைகளின் இடத்தில் பாதியை அலமாரி எடுத்துக்கொண்டது. டிவியை அதற்குள் வைத்தால், பெரிய வீட்டில் தனியாகக் குடியிருக்கிற ஆள் மாதிரி ஒரு ஓரமாக நின்றது.

இருபத்தாறாம் தேதி பாலகுமார் பொருத்தச் சான்று கொடுக்க வந்தார். அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். அலமாரியைக் கொஞ்சம் அசைத்தார். உள்ளே டிவி நகர்ந்தது.

“எடைவெளி அஞ்சு அங்குலம். நீங்க எடுத்ததும் அஞ்சு அங்குலம். கணக்கு எவ்வளவு சுத்தமாப் பொருந்துது, பாத்தீங்களா?” என்று சொல்லிவிட்டுச் சான்றில் கையெழுத்துப் போடாமல் போனார். மூடுவதற்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே இன்பமேரி ஒண்டிக்கடைக்குப் பஸ் ஏறினாள்.

“அஞ்சு அங்குல அகலம், இருவத்திரெண்டு உசரம். ஒரு பலகை வேணுமுங்க. கறுப்புப் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க.”

மாதப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. மிஷினில் வைத்து அறுத்தான், மூலையை உருட்டினான், டிவியின் பளபளப்பு வரும்வரை இரண்டு கை பெயிண்ட் அடித்தான். மறுநாள் வந்து டிவியின் வலது ஓரத்தில் பசை வைத்து ஒட்டியும் கொடுத்தான். இடைவெளி அடைபட்டால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் சான்று கிடைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. பார்த்ததும் பலகை என்று சொல்லித் திட்டுவார்கள், காலில் விழுந்து கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி பாலகுமார் வந்தார். இரும்பு டேப்பை இழுத்தார். இந்த முனை, அந்த முனை. நாற்பத்து மூன்று. மறுபடி இழுத்தார்.

“கெடச்சிருச்சு,” என்றார். “எங்கீங்கம்மா இருந்துச்சு?”

“டிவிக்குப் பக்கத்துலதானுங்க சார்.”

“பக்கத்துல இருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியாது,” என்று பாலகுமார் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலகையை விரலால் தட்டியும் பார்த்தார். டொக் டொக் என்று மரம் பேசியது. “இந்தப் பக்கந்தான் உறுதியா இருக்குது,” என்று சொல்லிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற தீபிகா இருமினாள். இருமல் நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

முப்பதாம் தேதி திறப்பு விழா. சேலத்திலிருந்து இணை இயக்குநர் ஜெயகுமாரி வந்தார். பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலிகளை உள்ளே போட்டார்கள்.

“இந்த வாரியம் எதையுமே கொடுக்கவில்லை என்று சிலர் பேசுகிறார்கள்,” என்று ஜெயகுமாரி பேசினார். “கொடுப்பது யாரால் வேண்டுமானாலும் முடியும். கொடுத்ததைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் நிர்வாகம். ஐந்து அங்குலத்துக்காக இந்த வாரியம் மூன்று மாதம் உழைத்திருக்கிறது. அதற்கு ஆன செலவில் இன்னும் நாலு டிவி வாங்கியிருக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த நாலிலும் எத்தனை அங்குலம் காணாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.”

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். அப்புறம் அலமாரியின் நாலு பூட்டையும் திறந்து, கதவைத் தூக்கி, டிவியைப் போட்டார்கள். வாரியம் கொடுத்த பென் டிரைவில் ஒரே ஒரு படம் இருந்தது. டிவியைத் துடைப்பது எப்படி என்று பதினோரு நிமிடம். பிள்ளைகள் வாசலில் நின்று மரியாதையாகப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் விளையாடப் போய்விட்டார்கள்.

என்ன ஆனாலும் மன்றம் தப்பியது. அலமாரிக்குள் டிவிக்குப் பின்னால் ஒன்றே முக்கால் அடி காலியாகக் கிடந்தது, அந்த அறையிலேயே ஒழுகாத இடம் அதுதான். பிள்ளைகள் புத்தகப் பைகளை அங்கே வைக்கப் பழகிக்கொண்டார்கள். இன்பமேரி அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏப்ரலில் போன் வர ஆரம்பித்தது. மற்ற அறுபத்து மூன்று மன்றங்களுக்கும் கெடுவை நீட்டி, இதே குறிப்பாணை போயிருந்தது.

“அக்கா, நானுங்க கரடியூர் மன்றத்துல இருந்து பானு பேசறேன். அந்த அஞ்சு அங்குலம் உங்களுக்கு எங்க கெடச்சுதுங்க?”

“ஒண்டிக்கடைல மாதப்பன்னு ஒருத்தரு. கறுப்புப் பெயிண்ட்னு சொல்லு கண்ணு,” என்றாள் இன்பமேரி. மாதப்பன் அந்த மாதம் வேறு வேலை எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. கெட்டி உறை, சிவப்பு முத்திரை. ‘காணாமல் போன அங்குலத்தை மீட்டுக் கொடுத்த தங்கள் திறமையைப் பாராட்டி, தங்களை நிரந்தரப் பணியில் அமர்த்தி, சேலம் தலைமை அலுவலகத்தில் அங்குல மீட்பு அலுவலராக நியமித்து ஆணையிடப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் பொறுப்பேற்கவும். வெள்ளக்கடைப் பொறுப்பாளர் பணியிடம் தற்காலிகமானது என்பதால் தானாகவே ஒழிகிறது. மேற்படி மன்றம் கரடியூர் மன்றத்தோடு இணைக்கப்படுகிறது.’

நிரந்தரம் என்ற சொல்லை ஒன்பது வருடமாக எதிர்பார்த்திருந்தாள். அந்தச் சொல்லைப் படித்தபோது ஒரு நொடி சந்தோஷம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த வரியைப் படித்ததும் உத்தரவை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள். கரடியூருக்குச் சின்னப் பிள்ளைகள் காப்பிக் காட்டு வழியே நடந்து போகுமா? போகாது. ஊரிலேயே சுற்றும். தொட்டிப் பக்கம் போகும்.

மறுநாள் காலையில் வட்டார அலுவலகத்தில் போய் நின்றாள். “எனக்கு இந்த வேலை வேண்டாமுங்க சார். இருக்கற எடத்துலயே இருந்துக்கறனுங்க.”

“வாரியம் உயர்வு குடுத்தா வேண்டாங்கறதுக்கு விதி இல்லீங்களே,” என்றார் பாலகுமார் உண்மையான அனுதாபத்தோடு. “தண்டன குடுத்திருந்தாக்கூட அப்பீல் பண்ணலாம். பாராட்டுக்கு அப்பீல் கெடையாது.”

கோகுலின் மேசைக்கு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோகுல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோப்பைப் புரட்டுவது போல் குனிந்துகொண்டு பேசினான்.

“ஒரே வழிதானுங்க இருக்குது. விசாரணைல இருக்கற ஆள எடத்த உட்டு அசைக்க முடியாது. அவுங்க இருக்கற மன்றத்தையும் மூட முடியாது, அது தடயமுங்க.”

“என் மேல விசாரணை நடந்துட்டுத்தான இருக்குது?”

“பொருள் கெடச்சிருச்சுன்னு மூடிட்டாங்கக்கா. நீங்களா வந்து, நாந்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்தாத்தான் மறுபடி தொறக்கும்.”

ஒரு காப்பிக்கொட்டை எடுக்காத குடும்பம். நாலு மாதமாக எந்தச் சொல் தன் மேல் ஒட்டக் கூடாது என்று அழுதாளோ, அந்தச் சொல்லைத் தானே எழுதி, அடியில் தன் பேரைப் போட வேண்டும். கோயில் வாசலில் பார்த்த நான்கு பேரும் நாங்கள்தான் சொன்னோமே என்பார்கள்.

“விசாரணை முடிய எத்தன நாளு ஆகும் கண்ணு?”

“எனக்கு முன்னால இருந்த கிளார்க்கு ஒரு நாற்காலி விசாரணைய ஆரம்பிச்சாருங்க. நாற்காலி செல்லரிச்சுப் போச்சு, அவரும் ரிட்டயர்டு ஆயிட்டாரு. விசாரணை நடக்குதுங்க.”

“பேப்பர் குடு சாமி,” என்றாள்.

மூன்று நகல் எழுதினாள். ‘வாரியத்தின் தொலைக்காட்சியிலிருந்து ஐந்து அங்குலத்தை நான்தான் எடுத்தேன்.’ எடுத்ததற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘பிள்ளைகளுக்காக’ என்று எழுதினாள். முழுப் படிவத்தில் அது ஒன்றுதான் நிஜம். செய்யாததைச் செய்ததாகச் சொன்ன இந்தப் பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும், அவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று வேறு கவலை வந்தது.

பாலகுமார் படித்தார். முகம் வாடிப்போனது. நியமன உத்தரவை வாங்கிக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார், விசாரணைப் பதிவேட்டை எடுத்துப் பச்சைப் பேனாவால் எண் கொடுத்தார், முத்திரையை ஊதிக் குத்தினார்.

“உங்களப் போயி நல்லவங்கன்னு நெனச்சனுங்களே,” என்றார். “விசாரணை முடியற வரைக்கும் வெள்ளக்கடைய உட்டு நீங்க ஒரு அங்குலம் நகரக் கூடாது. தெரிஞ்சுதுங்களா?”

“நகர மாட்டனுங்க சார்,” என்றாள் இன்பமேரி.